மணல் பள்ளத்தில் ஜிம்மி லத்தீன்

ஜிம்மி லத்தீனின் பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஒரு கல்யாணப் பேச்சில்தான். என் சித்தி மகள் நெட்டா அடுப்பில் ஓட்ஸ் ரொட்டியைப் புரட்டிக்கொண்டே, "நான் ஒரு ஸ்லேட்டரைக் கட்டிக்கப் போறேன்" என்றாள். சித்தி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எந்த ஸ்லேட்டரு? பேரு என்ன?"

"ஜேம்ஸ்."

"இந்த ஊருல பதினோரு ஜேம்ஸ் ஸ்லேட்டர் இருக்கான்டி. அதுல மூணு பேரு கிழவன். எவன்னு சொல்லு!"

"லத்தீன்."

சித்தி மூச்சு விட்டாள். "பொழைச்சேன். பூட்ஸ் வீட்டுப் பயலோன்னு பயந்துட்டேன்."

எங்கள் மீன்பிடி ஊரான போர்ட்காரியில் ஜேம்ஸ் என்றால் ஜிம்மிதான், பாதிப் பேருக்கு ஸ்லேட்டர்தான் குடும்பப் பெயர்; பட்டப்பெயர் இல்லாதவனுக்குத் தபால் வராது. ஜிம்மியின் தாத்தா பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு லத்தீன் சொல்லைச் சரியாகச் சொன்னாராம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருத்தரும் அந்த மொழிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆனாலும் மூன்று தலைமுறையாக அவர்கள் லத்தீன் வீட்டார்.

லத்தீன் வீட்டு ஆண்களுக்குச் சொத்தென்று ஒன்று உண்டு என்றால் அது கவலைதான். ஜிம்மியின் அப்பா படகைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தபின், கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்க்க மூன்று தடவை துறைமுகத்துக்குப் போய்வருவார். ஜிம்மி அவரையும் மிஞ்சினான். காற்றடித்தால் காற்றைப் பற்றிக் கவலைப்படுவான், காற்று நின்றால் ஏன் நின்றது என்று கவலைப்படுவான். அப்படிப்பட்டவனுக்குக் கோல்ஃப் பைத்தியம் பிடித்தது யார் செய்த பாவமோ தெரியவில்லை. நின்று கிடக்கிற பந்து. அவசரமே கிடையாது. யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கிறது. கவலைக்காரனைக் கொல்ல இதைவிட நல்ல விளையாட்டு வேறு இல்லை.

அவன் வேலை செய்தது நெட்டாவின் அண்ணன் ஹெக்டர் ஃப்ளெட்டின் படகில். திங்கள் காலை போனால் வெள்ளிக்கிழமை திரும்பும் படகு. கடலில் ஹெக்டர் சொன்னால் சொன்னதுதான். கரைக்கு வந்தாலும் அப்படித்தான், ஏனென்றால் பாறை மேட்டில் இருக்கும் எங்கள் பதினெட்டுக் குழி மைதானத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சனிக்கிழமை சனிக்கிழமை ஊரே அங்கேதான். இறைச்சிக் கடைக்காரர் மதியத்துக்கு மேல் கடையில் இருக்க மாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஒவ்வொரு மே மாதமும் கடலை விட்டுத் தள்ளி உள்ளே இருக்கும் ட்ரம்லோகனோடு எங்களுக்குப் போட்டி. அவர்கள் விவசாயிகள். ஊருக்கு ஆறு ஜோடி ஆடும்; ஒவ்வொரு குழியும் குறைந்த அடியில் முடிக்கிற ஜோடிக்கு, அதிகக் குழி எடுத்த ஜோடிக்கு ஆட்டம். ஒரு ஜோடிக்கு ஒரே பந்து. ஒருத்தர் அடித்தால் அடுத்த அடி மற்றவருடையது. கூட்டாளி பந்தை எங்கே கொண்டுபோய் விடுகிறானோ அங்கிருந்து நீ அடித்தாக வேண்டும். கல்யாணம் மாதிரி என்று நெட்டா சொல்வாள்.

எழுபத்து நாலாம் வருஷக் கடைசியில் ஹெக்டரின் கூட்டாளிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் குனியவே கூடாது என்றுவிட்டார். நெட்டா அண்ணன் வீட்டுக்கே போய், "எங்க வீட்டுக்காரர எடுத்துக்க. நேரா அடிப்பாரு" என்று கேட்டுவிட்டாள். ஜிம்மியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஹெக்டர் அடுத்த நாள் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த ஜிம்மியிடம் வந்து நின்றார். அவர் பேசினால் கஞ்சத்தனமாகத்தான் பேசுவார்.

"மாப்ள. மே மாசம் நீ என்கூட ஆடுற."

"சரி மச்சான்."

"தூரமா அடிக்க வேணாம். நேரா அடி. மணலுக்குள்ள விழுந்தா ஒரே அடியில வெளிய வா. வரலேன்னா அடுத்த வருஷம் வேற ஆளு."

மணலைப் பற்றி அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. முந்தின கோடையில் ஏழாவது குழிக்கு முன்னால், பந்தைச் சிக்கவைக்கவென்றே வெட்டியிருக்கும் மணல் பள்ளத்தில் ஜிம்மி ஒன்பது அடி அடித்தான். ஒன்பதாவது அடிக்கும் பந்து வெளியே வரவில்லை. கடைசியில் கையால் எடுத்துக்கொண்டு வந்தான். அன்று சாயங்காலத்துக்குள் துறைமுகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஐஸ் கிடங்கில் நிற்கிற சார்லி பூட்ஸ் அவனைப் பார்க்கும்போதெல்லாம், "மோசேகூட நாப்பது வருஷத்துல பாலைவன மணல விட்டு வெளிய வந்துட்டாரு லத்தீனு. உனக்கு எத்தன வருஷம்?" என்பான்.

அதனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் ஜிம்மிக்கு நினைப்பெல்லாம் மணல்தான். தோற்பதைப் பற்றி அவனுக்குப் பெரிய பயம் இல்லை. ஹெக்டர் தன்னை விலக்கிவிடுவார் என்பதுதான் பயம். விலக்கிவிட்ட பிறகும் திங்கள் முதல் வெள்ளி வரை அந்தச் சின்னப் படகுக்குள் அதே மனிதர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அதை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்காது.

ஏலக்கடையில் மணலுக்கென்றே செய்த ஒரு பழைய இரும்பு மட்டையை வாங்கினான். கனத்த தலை. ஆனால் அடித்தால் அதன் முன்விளிம்பு கலப்பை மாதிரி மணலுக்குள் புதைந்துகொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை படகைப் பழுதுபார்க்கச் சரிவில் ஏற்றியிருந்தார்கள். ஜிம்மி அதன் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றான். படகு முன்மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்வயிற்றில் சவாரி செய்கிறது. மட்டையும் அப்படி மணலில் சவாரி செய்தால்? பட்டறையில் அரம் வாங்கி மட்டையின் முன்விளிம்பை ராவினான். ராவி ராவி அளவுக்கு மேல் போய், முதல் மட்டை வீணாயிற்று. இரண்டாவது வாங்கினான். இந்தத் தடவை பத்துத் தேய்ப்புக்கு ஒரு தடவை நிறுத்தி, ஒளியில் பிடித்துப் பார்த்தான். மழையில் வழுக்காமலிருக்கப் பிடியில் வலைக்குப் போடும் தார்க்கயிற்றைச் சுற்றினான்.

சுற்றி முடித்ததும் அடுத்த கவலை வந்தது. இப்படி மாற்றலாமா? சட்டம் விடுமா? கோல்ஃப் கிளப்பின் செயலாளர் ரென்னி ஓய்வுபெற்ற வாத்தியார். மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"சட்டப்படி சரிதான். பாக்கத்தான் சகிக்கல."

"நிச்சயமா சார்?"

"நிச்சயமா சகிக்கல."

கடல் உள்வாங்கிய நேரங்களில் துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள மணலில் பழகினான். ஈர மணல் வேறு, உலர்ந்த மணல் வேறு. அதனால் மேட்டிலிருந்து உலர்ந்த மணலை மீன் கூடையில் அள்ளிக்கொண்டு வந்து கொட்டி, அதிலும் அடித்தான். மணல் வீட்டுக்கும் வந்தது. குளியல் தொட்டியில், தலையணையில், கம்பளத்தின் அடியில்.

"ஏய்யா, சூப்புலகூட நறநறங்குது. நீ ஜெயிக்கிறதுக்குள்ள என் பல்லு போயிரும்" என்றாள் நெட்டா.

ஆனாலும் அவள்தான் கூட வந்து உட்கார்ந்தாள். ஏனென்றால் சட்டப் புத்தகத்தில் ஒரு விதி இருந்தது. மணலில் நிற்பவன் பந்தை அடிப்பதற்கு முன் மட்டை மணலில் படக் கூடாது. பட்டால் அந்தக் குழி எதிராளிக்கு. ஜிம்மி இதைப் படகில் படுக்கையில் கிடந்தபடி படித்து மனப்பாடம் செய்திருந்தான். மட்டையை மணலுக்கு ஒரு சாண் உயரத்தில் தூக்கிப் பிடித்து நிற்பான். நெட்டா மீன் பெட்டி மேல் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே பார்ப்பாள். பார்க்காமலேயே சில நேரம், "தொட்டுட்ட!" என்று கத்துவாள்.

"தொடவே இல்லடி!"

"தொடுறாப்புல நின்ன."

ஏப்ரல் கடைசியில் பத்துப் பந்துக்கு எட்டு வெளியே வந்தது. அவன் அந்த இரண்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தான்.

போட்டிக்கு முந்தின வாரம் துறைமுகத்தில் ஒன்று நடந்தது. ஐஸ் ஏற்றிவந்த லாரிக்காரன் கடல் தெரியாத உள்பகுதி ஆள், புதுசு. படகுக்காரர்கள் முன்னால் பன்றி என்ற சொல்லைச் சொல்லக் கூடாது என்பது அவனுக்குத் தெரியாது. எங்கள் கரையில் அதைச் சுருள்வால் என்பார்கள். யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் உடனே குளிர்ந்த இரும்பைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் கடல் பழி வாங்கும். லாரிக்காரன் தன் மாமியாரைப் பற்றி ஏதோ வேடிக்கை பேசப்போய் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டான். ஆறு பேரின் கைகளும் ஒரே நேரத்தில் இரும்பைத் தேடி ஓடின. முதலில் போய்ச் சேர்ந்தது எப்போதும்போல ஜிம்மியின் கைதான். தூக்கத்தில் சொன்னாலும் அவன் கை கட்டிலின் இரும்புச் சட்டத்தைத் தேடும் என்று நெட்டா சொல்லியிருக்கிறாள். ஹெக்டர் எஞ்சினை நிறுத்தினார். அன்று படகு போகவில்லை. ஜிம்மிக்கு மணலில் பழக ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தது.

போட்டியன்று வடமேற்குக் காற்று. ஜிம்மி காலையில் கஞ்சியைத் தொடவில்லை. அவர்களுக்கு எதிராக ஆடியவர் டூகிட் என்ற பெரிய விவசாயி. சிவந்த முகம், சாந்தமான மனிதர். அவருடைய கூட்டாளி அவர் தம்பி. அவர்களுடையதுதான் கடைசி ஆட்டம்.

முதல் குழியில் ஜிம்மி பந்தின் தலையில் அடித்து, அதை நாற்பது கஜம் உருளவிட்டான். ஹெக்டர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது குழியில் புதருக்குள் விட்டான். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஹெக்டரின் மௌனத்தில் பல வகை உண்டு. கோபமான மௌனம் எது, யோசிக்கும் மௌனம் எது என்று ஜிம்மிக்குப் பதினான்கு வருஷமாகியும் பிடிபடவில்லை. ஐந்தாவது குழி முடிந்தபோது அவர்கள் இரண்டு குழி பின்தங்கியிருந்தார்கள்.

"மச்சான், தப்பா நெனச்சுக்காதீங்க..."

"காத்தப் பாரு" என்றார் ஹெக்டர்.

கொஞ்சம் கொஞ்சமாக அவன் கை நிதானப்பட்டது. நேராக அடித்தான். பத்தாவதில் ஒரு குழி மீட்டார்கள். பன்னிரண்டாவதில் ஹெக்டர் அடித்த பந்து காற்றில் வளைந்து மணலில் விழுந்தது. ஜிம்மி இறங்கினான். மட்டையைத் தூக்கிப் பிடித்தான், தார்க்கயிறு கையில் ஒட்டியது, அடித்தான். மணல் மெல்லப் பறந்தது. பந்து மேலே எழும்பி, குழியில் நட்ட கொடிக்கு ஒரு கஜத்தில் போய் நின்றது. அவனால் நம்ப முடியவில்லை. மேலே ஏறி வந்தபோது ஹெக்டர் மட்டையைப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அந்த "ம்" ஜிம்மிக்கு வயிற்றில் பால் வார்த்தது. அடுத்த நிமிஷமே, இனி இதேபோல் அடிக்காவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் வந்தது.

பதினெட்டாவது குழிக்கு வந்தபோது இரண்டு ஜோடியும் சமம். மற்ற ஐந்து ஆட்டமும் முடிந்துவிட்டன. மூன்று ட்ரம்லோகனுக்கு, இரண்டு எங்களுக்கு. இந்த ஆட்டத்தை ஜெயித்தால் மூன்றுக்கு மூன்று. அப்படியானால் போன வருஷம் கோப்பை வைத்திருந்த ஊரிலேயே அது இருக்கும், அதாவது எங்களிடம். ஊரே கிளப்பின் இரும்புக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றது. நெட்டாவும் நானும் கூட்டத்தில் இருந்தோம். அவள் என் கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

டூகிட் ஆட்கள் மூன்று அடி அடித்தும் கொடிக்கு வெகுதூரத்தில்தான் இருந்தார்கள். எங்களுக்கு இரண்டாவது அடி ஹெக்டருடையது. வருஷக்கணக்காக அந்த இடத்தில் தவறாத மனிதர். பந்து கொடியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரைக்குச் சற்று முன்னால் விழுந்து, திரும்பி உருண்டு மணலுக்குள் போனது. வேலியிலிருந்து ஒரு முனகல் எழுந்தது. சார்லி பூட்ஸ், "மோசே, உன்ன கூப்பிடுறாங்க" என்றான். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"மாப்ள, வெளிய கொண்டுவா. மிச்சத்த நான் பாத்துக்குறேன்" என்றார் ஹெக்டர். அன்று அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

ஜிம்மி இறங்கினான். பந்து நன்றாகவே கிடந்தது. முடியாத அடி இல்லை. குளிர்காலம் முழுக்க அடித்த அதே அடிதான். கால்களை அசைத்து அசைத்து மணலில் பதித்தான். மட்டையை ஒரு சாண் உயரத்தில் பிடித்தான். தொடாதே, தொடாதே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டான். இன்னும் அடிக்க ஆரம்பிக்கவில்லை.

டூகிட் பள்ளத்தின் விளிம்புக்கு அப்பால் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மனிதருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஜிம்மி இன்னும் தயாராகவில்லை என்று நினைத்துத் தம்பியிடம் தாழ்ந்த குரலில்தான் சொன்னார்; காற்று அதை வேலி வரைக்கும் கொண்டுவந்தது.

"நேரமாச்சுடா. பன்னிக்கு யாரு தீனி வெக்கிறது?"

ஜிம்மியின் இடது கை தார்க்கயிற்றை விட்டுவிட்டது. அவன் விடவில்லை, கை விட்டது. அது கீழே இருந்த இரும்பைத் தேடி ஓடியது. வலது கை ஒன்றினால் மட்டும் அந்தக் கனத்த தலையைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை. மட்டை இறங்கி மணலில் உட்கார்ந்தது. இடது உள்ளங்கை அதன் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது.

அதே நொடியில் ஹெக்டர் தன் மட்டையின் தலையைப் பிடித்திருந்தார். வேலியில் நின்ற எங்கள் ஊர்க்காரர்கள் நாற்பது பேரும் கம்பியை இறுகப் பற்றினார்கள். கம்பி எட்டாத கிழவர் ஒருவர் பக்கத்தில் நின்றவருடைய கைத்தடியின் இரும்புப் பூணைப் பிடித்தார். ட்ரம்லோகன் ஆட்கள் ஒன்றும் புரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

ஜிம்மி நிமிர்ந்தான். மணலில் மட்டை பதிந்த தடம் பளிச்சென்று தெரிந்தது.

"தொட்டுட்டேன்" என்றான். மறுபடி சொன்னான். "அடிக்கிறதுக்கு முன்னாடி மணலத் தொட்டுட்டேன். குழி உங்களுது."

டூகிட் பதறிப்போனார். "நான் ஒண்ணும் பாக்கலய்யா! நான் வாயத் தொறந்ததுதான் தப்பு. நீ அடி, அடி. யாரு கேக்கப் போறா?"

ஜிம்மி ஹெக்டரைப் பார்த்தான். ஹெக்டர் மணலில் இருந்த தடத்தைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி டூகிட்டுக்குக் கை கொடுத்தார்.

"தொட்டாச்சு. ஆட்டம் உங்களுது. நல்லா ஆடுனீங்க."

அவ்வளவுதான். ஜிம்மியிடம் ஒரு வார்த்தை கிடையாது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். கோப்பை ட்ரம்லோகனுக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஹெக்டர் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். ஜிம்மி பிரசங்கம் முழுவதும் அவர் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிடரி சிவந்திருந்தது. கோபமா, வெயிலா? வெளியே வந்தபோது நெட்டா, "அண்ணங்கிட்ட நான் பேசட்டுமா?" என்று கேட்டாள். "வேணாம். நீ பேசித்தான் நான் மணலுக்குள்ள போனேன்" என்றான். அதுதான் அவன் அவளிடம் சொன்ன ஒரே கடுஞ்சொல். உடனே அதற்காகவும் கவலைப்பட்டான்.

திங்கள் காலை படகு புறப்பட்டது. துறைமுகச் சுவரைத் தாண்டிய பிறகு வழக்கம்போல் ஒருத்தர் சுக்கான் அறைக்குத் தேநீர் கொண்டுபோக வேண்டும். மற்ற நான்கு பேரும் ஜிம்மியைப் பார்த்தார்கள். அவன் குவளையை எடுத்துக்கொண்டு போனான். போய்ச் சேர்ந்தபோது தேநீரில் பாதி தட்டில் இருந்தது.

ஹெக்டர் கடலைப் பார்த்தபடி வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார்.

"மச்சான். அடுத்த வருஷம் வேற ஆளப் பாத்துக்கங்க. எனக்கு வருத்தம் இல்ல."

"நீ என்ன சொன்ன?"

"வேற ஆளு..."

"மாப்ள, கேளு. அந்தாளு அதச் சொன்னப்போ நீ இரும்பத் தொடாம பந்த அடிச்சிருந்தன்னு வெச்சுக்க. கோப்ப நம்மளுது. சரி. இன்னிக்குக் காலையில உன்ன நான் இந்தப் படகுல ஏத்தியிருப்பேனா?"

ஹெக்டர் சுக்கானைக் கொஞ்சம் திருப்பினார்.

"ஏத்தியிருக்க மாட்டேன். இதுல ஆறு உசுரு இருக்கு." இன்னொரு வாய் குடித்தார். "ஆனா அந்த அடிய நீ அடிச்சிருப்ப. பன்னெண்டாவதுல பாத்தேன். அந்த அசிங்கம் புடிச்ச மட்டை நல்ல மட்டை."

பிறகு கால்மாட்டில் இருந்த பெட்டியைத் திறந்து துழாவி, விரல் நீளத்தில் ஒரு படகு ஆணியை எடுத்துக் கொடுத்தார்.

"கால்சட்டையில இடது பாக்கெட்டுல போட்டுக்க. எவனாவது எதையாவது சொன்னா கை கீழ போக வேணாம், உள்ள போனாப் போதும். வர்ற மே மாசம் மறக்காம கொண்டா."

ஜிம்மி ஆணியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். மற்றவர்கள் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். அவன் தேநீர்த் தட்டை மறந்துவிட்டு வந்ததாகச் சொல்லிச் சுக்கான் அறைக்குப் பின்பக்கம் போனான். கொஞ்ச நேரம் தனியாக நின்று மூக்கைச் சிந்திக்கொள்ள அவனுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

அந்த வாரக் கடைசியில் டூகிட் வீட்டிலிருந்து ஒரு பெரிய பொட்டலம் வந்தது. மன்னிப்புக்காக உப்புப் போட்ட தொடைக்கறி. என்ன கறி என்று நெட்டாவும் சொல்லவில்லை, ஜிம்மியும் கேட்கவில்லை. மூன்று நாள் சாப்பிட்டார்கள்.

ஹெக்டரும் ஜிம்மியும் அதற்குப் பிறகு பதினோரு வருஷம் ஜோடியாக ஆடினார்கள். ஏழு தடவை ஜெயித்தார்கள். ஜிம்மியின் கவலை குறைந்ததா என்றால் இல்லை. பாக்கெட்டில் ஓட்டை விழுந்து ஆணி தவறிவிட்டால் என்ன செய்வது என்று நெட்டாவிடம் இரண்டு தையல் போடச் சொன்னான். அரத்தை விடவும் இல்லை. ஒவ்வொரு குளிர்காலமும் ஏதாவது ஒரு மட்டையின் விளிம்பு பட்டறையில் தேய்ந்துகொண்டுதான் இருந்தது.

ஹெக்டர் படுக்கையிலேயே நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். நெட்டா போய் நான்கு வருஷமாகிறது. ஜிம்மி லத்தீனுக்கு இப்போது எண்பத்தெட்டு வயது. முழங்கால் போய்விட்டதால் ஆடுவதில்லை. பாறை மேட்டுக்குக் கீழே மூத்த மகளின் வீட்டில், கீழ் அறையில், இடது பாக்கெட்டில் அந்த ஆணியோடு இருக்கிறான்.